ஸ்டெல்லா பாடும் டாக்சி

யாங்கோன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சேலைகளுக்கு அடியில் கிடந்த குத்தூசியை ஓர் அதிகாரி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூட்டைக்குள் குத்தி, நடுவில் இருக்கிற தானியத்தை வெளியே எடுத்துப் பார்க்கும் இரும்புக் குழாய் அது. நுனி கூராக இருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் யாரையோ தீர்த்துக்கட்ட வந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

"மட்பே, மட்பே" என்றேன். உளுந்துக்குப் பர்மிய மொழியில் அதுதான் பெயர். எனக்குத் தெரிந்த ஒரே பர்மியச் சொல்லும் அதுதான். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியை மூட்டையாக நினைத்துக்கொண்டு குத்திக் காட்டினேன். உள்ளங்கையில் தானியத்தைக் கொட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, ஈரம் என்று முகத்தைச் சுளித்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குத்தூசி மறுபடி சேலைக்கு அடியில் போனது.

விருதுநகரில் எங்களுக்கு ஒரு பருப்பு மில். கணவர் இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை அவர்தான் இங்கே வந்து உளுந்து பார்த்து வாங்குவார். அவர் போனபிறகு இரண்டு வருடமாக நான் போனிலேயே பேசி வாங்கினேன். போனில் எல்லா உளுந்தும் முத்து முத்தாகத்தான் இருக்கும். போன முறை வந்திறங்கிய சரக்கில் பாதி ஈரம். அதனால் இந்த முறை நானே கிளம்பி வந்துவிட்டேன்.

வெளியே ஒருவர் அட்டையில் தமிழில் என் பெயரை எழுதிப் பிடித்திருந்தார். 'சந்தா' என்று இருந்தது. சாந்தா என்று வைத்த அப்பா பார்த்தால் வருத்தப்பட்டிருப்பார்.

"வாங்கக்கா. ஊ டின் அனுப்பிச்சாரு" என்றார். ஊ டின் என்பவர் எங்களுக்கு உளுந்து ஏற்றுமதி செய்யும் வியாபாரி. இவர் டாக்சிக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். லுங்கி, முழுக்கைச் சட்டை, வெற்றிலைச் சிவப்பேறிய சிரிப்பு. "வீட்டுல வச்ச பேரு முருகன். வெளிய கோ மியோ. எதச் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பிப் பாத்துருவேன்."

ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது, நம் ஊரைப் போலவே. ஆனால் வண்டியும் சாலையின் வலப்பக்கமே போனது. முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "வருதாக்கா?" என்று அவர் கேட்க, "வருது, வருது!" என்று நான் அலற, இப்படியே ஊருக்குள் வந்து சேர்ந்தோம். ஒரு மோட்டார் சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை. நகரத்துக்குள் அதற்கு அனுமதி இல்லையாம். விருதுநகர் பஜாரில் ஒருநாள் இப்படி இருந்தால் ஊரடங்கு என்று நினைத்துக் கடையைச் சாத்திவிடுவார்கள்.

வண்டியைக் கிளப்பியதும் அது ஒரு பெண் குரலில் என்னவோ சொன்னது. "ஜப்பான்ல ஓடுன பழைய வண்டிக்கா. ஏதோ கார்டு போடலன்னு தெனம் சொல்லிக்கிட்டே இருக்கும். நாம எங்க போயிப் போடுறது?" என்றார். பிறகு, "ஏசி வேல செய்யாது. பாட்டு இருக்கு" என்று போனைத் தட்டினார்.

சினிமாப் பாட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு பெண்ணின் பேச்சு, தமிழில். "கேளுங்க. இது கெண்டிப் பாட்டு. நைட் டூட்டி அக்கா ஒருத்தவங்க கட்டுனது. செருப்பக் கழட்டி வையி, இன்னிக்கு நீ நடந்தது போதும், கெண்டியில தண்ணி கொதிக்கிற வரைக்கும் நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், அப்படின்னு அர்த்தம்." ஒரு செருமல். பிறகு அந்தக் குரல் ஜப்பானிய மொழியில் பாட ஆரம்பித்தது.

வாத்தியம் ஒன்றும் இல்லை. பின்னால் தட்டுகள் உரசும் சத்தம், யாரோ ஒரு வயதானவர் இருமும் சத்தம். குரல் மெல்லியது. உச்சிக்குப் போகவே முயலாத மெட்டு. நாலைந்து சுரங்களுக்குள்ளேயே நடந்து நடந்து திரும்பி வந்தது, வீட்டுக்குள் யாரோ பாத்திரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு நடப்பதுபோல.

"யாரு பாடுறது?"

"நம்ம வீட்டுக்காரி. ஸ்டெல்லா" என்றார். அதற்குள் எதிரே ஒரு பேருந்து வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஓட்டலுக்குப் பக்கத்துச் சந்தில் மொஹிங்கா சாப்பிட்டேன். மீனை வேகவைத்துக் கரைத்த கெட்டிக் குழம்பில் அரிசி இடியாப்பத்தைப் போட்டு, வாழைத்தண்டையும் சேர்த்து, மேலே பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு மீன்குழம்பா என்று தயங்கியவள் இரண்டாவது கிண்ணம் கேட்டேன். பக்கத்துக் கடையில் தோசை. சட்டியில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று சுட்டு, கொண்டைக்கடலையும் முட்டைக்கோசும் தூவி மடித்துக் கொடுத்தார்கள். உளுந்து பெயருக்குத்தான். நல்ல உளுந்தையெல்லாம் கப்பலில் எங்களுக்கு அனுப்பிவிட்டு இவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அன்று மாவ்பிக்குப் போக வேண்டும். யாங்கோனுக்கு வடக்கே இருக்கிற சிறிய ஊர். ஊ டின்னின் கிடங்கு அங்கேதான். பத்து மணிக்கு வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கோ மியோ பாட்டைப் போட்டுவிட்டார். இந்த முறை மழைப் பாட்டு. கூரை மேலே விழுகிற மழை உனக்காகப் பெய்யவில்லை, ஆனாலும் நீ படுத்துக் கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று ஸ்டெல்லா விளக்கம் சொன்னாள். "யுக்குரி, யுக்குரி" என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "மெதுவா, மெதுவான்னு அர்த்தம்" என்றார் கோ மியோ. ஜன்னலில் வயல்கள் போய்க்கொண்டிருந்தன. காற்று சூடாக இருந்தாலும் முகத்துக்கு இதமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கணவர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. படுத்தால் லோடு வண்டி வருவதுபோல இருக்கும். மோட்டார் சூடாகிறதோ என்று இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால் மில் சாத்தியிருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் பகலில் கணக்கு ஓடவில்லை. நிறுத்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வண்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றிருந்தது. நாலு கதவும் விரியத் திறந்து கிடந்தன. கோ மியோ கொஞ்சம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எதிரே கிடங்கு. கிடங்கின் கதவில் பூட்டு.

மணியைப் பார்த்தேன். மதியம் ஒன்றரை.

"கோ மியோ! என்னய்யா இது? ஊ டின் எங்க?"

"கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"என்னை ஏன் எழுப்பல?"

"அவரும் வந்து பாத்தாருக்கா. நானும் பாத்தேன். வாயத் தொறந்து அப்படித் தூங்குறீங்க. மனசு வரல." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அதுவுமில்லாம, பாட்டுல தூங்குனவங்கள எழுப்பக் கூடாதுன்னு ஸ்டெல்லா சொல்லியிருக்கா. அவ வேல பாக்குற எடத்துல அது பெரிய தப்பாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடல் கடந்து வந்தது தூங்குவதற்கா? மறுநாள் பௌர்ணமி விடுமுறை, கிடங்கைத் திறக்க மாட்டார்கள். ஒருநாள் முழுக்க வீண். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. நல்ல, வயிறு நிறைந்த கொட்டாவி. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல இருந்தது. மனிதரைத் திட்ட முடியவில்லை.

"சாப்பாட்டுக்காவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

சும்மா கிடைத்த பௌர்ணமியில் கியாக்தான் போகலாம் என்று அவரே யோசனை சொன்னார். அங்கே ஆற்றுக்கு நடுவில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறதாம். மறுநாள் கிளம்பிய உடனே போய்விட முடியவில்லை. பெட்ரோலுக்கு வரிசை. டாக்சிகள் தெருமுனையைத் தாண்டி வளைந்து நின்றன. வெயில் ஏற ஏற ஆட்களின் குரலும் ஏறியது. முன்னால் இருந்த இருவர் யார் முதலில் வந்தது என்று சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். கோ மியோ அமைதியாக ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

சண்டை நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் பக்கத்து வண்டிக்காரர் ஜன்னல் வழியாக எதையோ கேட்டார். கோ மியோ மொழிபெயர்த்தார்: "'இன்னிக்கு மழைப் பாட்டு இல்லையா'ங்குறான். இந்த வரிசையில எல்லாருக்கும் ஸ்டெல்லாவத் தெரியும்." அந்த மனிதர் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பின்னால் இருந்தவரும் ஜன்னலை இறக்கினார்.

வரிசை நகர்வதற்குள் எனக்கு முழுக் கதையும் கிடைத்துவிட்டது. கோ மியோவின் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து ரயில்வேயில் தண்டவாள வேலைக்கு வந்தவர். ஸ்டெல்லாவின் குடும்பம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. யாங்கோனிலேயே தின்கன்ஜூனில் ஒரு மாடி அறை எடுத்துக் குடித்தனம் நடத்தினார்கள். பிள்ளை இல்லை. ஸ்டெல்லா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தாள். ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஊரே ஜப்பானிய மொழி படிக்கிறது என்று அவளும் போய்ப் படித்தாள். தேர்வு எழுதி, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. கணவனைக் கூட அழைத்துப்போக அந்த விசாவில் வழியில்லை.

"மொதல்ல அவளுக்கு அங்க யாரு பேசுறதும் புரியலக்கா. கெழவிங்க வேகமாப் பேசுதாம், பல்லும் இல்ல. ஒரு பாட்டியம்மா மட்டும் இவகிட்ட மெதுவாப் பாடிக் காமிச்சிருக்கு. கோயர்ல பாடுன பொண்ணுல்ல, கேட்டதும் புடிச்சுக்கிட்டா. அப்புறம் சாயங்காலமானா எல்லாருக்கும் இவதான் பாட்டு. பதிவு பண்ணி எனக்கு அனுப்புவா. பேசுறதுக்கு நேரம் இருக்காது. பாட்டு வந்துரும்."

"இன்னிக்கு என்ன வந்துச்சு?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நாளா ஒண்ணும் வரல."

கியாக்தானில் பெண்கள் மீனுக்குப் போடும் பொரியை வாளியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு படகில் ஆற்றைக் கடந்தோம். படகின் விளிம்பு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கன்குடி அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தீவின் படிக்கட்டில் நின்று பொரியைத் தூவினால், கை தடிமனுக்குக் கெளுத்தி மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கின்றன. நேற்றுத்தான் இவற்றின் உறவுக்காரர்களை மொஹிங்காவில் சாப்பிட்டேன் என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் கோ மியோவின் போன் அடித்தது. கையெல்லாம் பொரி. ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டுப் படியில் வைத்தார்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஸ்டெல்லா பேசினாள். அந்தப் பாட்டுக் குரலா இது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "அந்தப் பாட்டியம்மா போயிட்டாங்க" என்றாள். "எனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்கல்ல, அவங்க. போயிப் பத்து நாளாச்சு. ஒங்ககிட்டச் சொல்ல முடியல. நாந்தான் குளிப்பாட்டி விட்டேன். மறுநாளே அந்தக் கட்டில்ல வேற ஒருத்தவங்க வந்துட்டாங்க. சாயங்காலம் எல்லாரும் பாடு பாடுங்குறாங்க. வாயத் தொறந்தா வர மாட்டேங்குது."

கோ மியோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். நான் எழுந்து போக நினைத்தேன். படி முழுக்கக் கூட்டம்.

"தூக்கமே இல்லங்க. நா வந்துர்றேன். டிக்கெட் போட்டுருங்க. ஒங்களுக்குத் தோச சுட்டுக் குடுத்துக்கிட்டுச் சும்மா கெடக்குறேன்."

'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கையை ஆட்டிச் சாடை காட்டினேன். வரச் சொல்லுய்யா, வரச் சொல்லு. இரண்டு வருடமாக ஒரு குரலைக் கேட்க முடியாதவள் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பிறகு பாட ஆரம்பித்தார்.

கெண்டிப் பாட்டு. ஜப்பானிய வார்த்தைகள்தான். ஒன்றரை வருடமாக ஓட்டிய தூரமெல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்கு அது மனப்பாடம். ஆனால் ஐயோ, அந்தக் குரல்! எங்கள் மில்லில் பெல்ட் நழுவினால் இப்படித்தான் சத்தம் வரும். மெட்டு ஒரு பக்கம் போக இவர் இன்னொரு பக்கம் போனார். பக்கத்து மண்டபத்தில் கண்ணை மூடி மணி உருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்தார். ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்தது. கன்னத்தில் 'தனக்கா' என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிய இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்து நின்று, போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் பாடினார்.

பாதியில் போனில் ஒரு சிரிப்பு கேட்டது. அழுகைக்கு நடுவே வருகிற சிரிப்பு. "ஐயோ, நிறுத்துங்க" என்றாள். அவர் நிறுத்தவில்லை. அடுத்து மழைப் பாட்டுக்குப் போனார். சிரிப்பு நின்றது. விசும்பலும் நின்றது. மூன்றாவது ஒரு பாட்டு, நான் கேட்டிராதது. அதையும் முடித்தார். இப்போது போனில் சீரான மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தூங்கிட்டா" என்றார் கிசுகிசுப்பாக. போனை அணைக்காமல் நிழலில் வைத்தார். நாங்கள் இருவரும் அதற்கு இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "ஏன் வான்னு சொல்லல? உங்களுக்கு அவ வர வேண்டாமா?"

"வேணும்க்கா. தெனம் கதவத் தொறக்கும்போது வேணும்." மீதிப் பொரியை ஆற்றில் கொட்டினார். "ஆனா அவ இப்பக் களைச்சுப்போயிருக்கா. களைப்பு பேசுது. அது சொல்றதுக்கு நா சரின்னுட்டா, நாளைக்கு அவ முழிச்சுப் பாக்கும்போது அவ படிச்ச படிப்பெல்லாம் போயிருக்கும். அப்ப நாந்தான கூப்புட்டேன்னு எனக்கே இருக்கும். மொதல்ல தூங்கட்டும். எந்திரிச்சு அவ வரேன்னா, வண்டிய வித்தாச்சும் கூட்டியாந்துருவேன்."

எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மில்லை என் கொழுந்தனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். இதுதான் கடைசிக் கொள்முதல். திரும்பியதும் கையெழுத்து. அந்த முடிவை நான் எடுத்தது, மூன்று நாள் சேர்ந்தாற்போல் கண் மூடாத ஒரு விடிகாலையில். யாரிடமும் சொல்லாததை அந்தப் படியில் உட்கார்ந்து கோ மியோவிடம் சொன்னேன்.

அவர் புத்தி எதுவும் சொல்லவில்லை. "யாபாதே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "நாளைக்கு மாவ்பி போகையில நீங்க பின் சீட்டுல படுத்துக்குங்க. கெடங்கு வந்ததும் இந்தத் தடவ எழுப்பிர்றேன்."

மறுநாள் படுத்தேன், தூங்கினேன், சொன்னபடி எழுப்பினார். கிடங்கில் எனக்கு நல்ல தெம்பு. மேல் அடுக்கு மூட்டைகள் பளபளவென்று இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஆட்களிடம் அடி அடுக்கை இழுக்கச் சொன்னேன். குத்தூசியை இறக்கி எடுத்து, நாலு மணியைக் கடித்துப் பார்த்தேன். உடையவில்லை, ஈரத்தில் நசுங்கியது. ஊ டின் தமிழும் இந்தியும் கலந்து சத்தியம் செய்தார். நான் நசுங்கிய உளுந்தை அவர் உள்ளங்கையில் வைத்து, "நீங்களே கடிங்க" என்றேன். கடித்தார். அடி அடுக்கு முழுவதையும் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, வருத்தத்தோடு தேயிலை இலை சாலட் வாங்கிக் கொடுத்தார். ஊறிய தேயிலையில் வறுத்த பருப்பும் எள்ளும் பூண்டும் போட்டுப் பிசைந்தது. வெற்றி பெற்ற வாய்க்கு அது இன்னும் ருசியாக இருந்தது.

வெளியே வந்தபோது கோ மியோ வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தார். போன் கையிலேயே இருந்தது. அன்றெல்லாம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

"பேசுனாளா?"

"காலையில மெசேஜ். நேத்துத் தூங்குனவ இன்னிக்குத்தான் எந்திரிச்சாளாம். ஒருநாள் லீவு குடுத்துருக்காங்க. 'யோசிச்சுட்டுச் சொல்றேன்'னு இருக்கு." திருப்பித் திருப்பி அதையே பார்த்தார். "யோசிக்கிறான்னாலே சரிதாங்க்கா. நேத்து யோசிக்கல."

கிளம்புகிற நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பெரிய நெரிசல். ஏதோ சிக்னல் கரண்டு இல்லாமல் நின்றுபோய், நாலு பக்க வண்டிகளும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா கூப்பிட்டாள். இந்த முறை அவர் அவளிடம் கேட்டுவிட்டே ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அக்கா இருக்காங்களா? அக்கா, வணக்கம். அன்னிக்கு இவரு பாடுனத நீங்களும் கேட்டீங்களாமே."

"கேட்டேம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"கேவலமா இருந்துச்சு" என்றேன். கோ மியோ ஹாரனை அடித்தார், முன்னால் வண்டியே நகராதபோதும். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கமும் பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. இல்லத்துப் பாட்டிகளுக்கு இவர் பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பாடிக் காட்டச் சொல்கிறார்களாம். தினம் சாயங்காலம் தேநீர் நேரத்தில் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

"நா பாடணுமா? நீ என்னடி சொல்ற?" என்று அவர் பதறினார். அவள் ஜப்பானிய மொழியில் அங்கே எதையோ சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

பிறகு குரல் தணிந்தது. "என்னங்க. நா யோசிச்சேன். இப்ப வரல. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் லீவு கேட்டேன், குடுத்துட்டாங்க. வந்து ஒங்க கூட இருந்துட்டு, அங்கேருந்து முடிவு பண்ணுறேன். சரியா?"

கோ மியோ தலையை ஆட்டினார். போனில் தலையாட்டல் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் "சரிங்குறாரும்மா" என்றேன்.

"அக்காவுக்கு ஒண்ணு பாடவா? இன்னிக்குக் கொஞ்சம் வருது."

வண்டிகளின் ஹாரனுக்கு நடுவே, புழுதிக்கும் புகைக்கும் நடுவே அவள் பாடினாள். பதிவு இல்லை, நேராகப் பாடினாள். இடையில் ஒருமுறை குரல் உடைந்தது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு நடுங்கும் கிழக் குரல் சேர்ந்துகொண்டு அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. பிறகு இன்னொன்று. இந்த முறை விளக்கம் எதுவும் இல்லாததால் அந்தப் பாட்டு என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. கணவர் இறந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அதற்குப் பிறகு லோடு, வரி, வாடகை, ஆட்கள். அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை. யாங்கோனின் நெரிசலில், பெயர் தெரியாத கிழவிகள் பாட, நான் பின் சீட்டில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கோ மியோ உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு, சாலையையே பார்த்திருந்தார்.

விமானத்தைப் பிடித்துவிட்டேன், ஓடித்தான்.

ஊருக்கு வந்ததும் கொழுந்தன் பத்திரத்தோடு நின்றார். ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். அந்த ஒரு மாதமும் தூங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மில் போனை அணைத்துவிட்டு, கோ மியோ அனுப்பிய ஸ்டெல்லாவின் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மாத முடிவில் கொழுந்தனைக் கூப்பிட்டு, விற்கவில்லை, பங்குக்கு வாருங்கள் என்றேன். முகம் சுருங்கியது, பிறகு விரிந்தது. இப்போது காலை லோடு அவர் பொறுப்பு. கொள்முதல் என் பொறுப்பு.

கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் வந்தது. தின்கன்ஜூன் மாடி அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஸ்டெல்லா நான் நினைத்ததைவிடக் குண்டு. திரும்பிப் போவாளா, இருந்துவிடுவாளா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் காலை ஏழு மணி வரை தூங்குகிறேன். எங்கள் பஜாரில் அது பெரிய செய்தி.